இருபது பேர் கேலியாக எழுதிய பெயர்

(கூட்டமைப்பின் தலைமைப் பண்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இன்றைய பயிற்சியின் தலைப்பு 'உள்ளாட்சியில் பெண்கள்'. காலையில் இடஒதுக்கீடு, கிராம சபை, தலைவரின் பொறுப்புகள் எல்லாம் பார்த்தோம். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கிறோம். இப்போது மறுபடியும் சட்டம் பேசினால் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். அதனால் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறோம். இது கற்பனை இல்லை, நடந்த வரலாறு. அமெரிக்க நாட்டின் முதல் பெண் மேயர் எப்படி மேயர் ஆனார் என்கிற கதை.

'அமெரிக்கா எங்கே, நாம எங்கே' என்று நினைக்காதீங்க. இந்தக் கதையில் துணி துவைக்கிற பெண் இருக்கிறார், சாராயத்தை எதிர்த்த மகளிர் சங்கம் இருக்கிறது, 'பொம்பளைக்கு எதுக்கு அரசியல்' என்று சொன்ன ஆண்களும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்க, எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள்தான்.

சின்ன ஊர், பெரிய பெயர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் கேன்சஸ் என்று ஒரு மாநிலம். கோதுமையும் மாடும்தான் அங்கே பிழைப்பு. அந்த மாநிலத்தின் தெற்கே ஆர்கோனியா என்று ஓர் ஊர். 1887-ல் அங்கே சுமார் 500 பேர்தான் இருந்தார்கள். நம்ம பக்கம் ஒரு குக்கிராமத்துக் கணக்கு. ஆனால் கேன்சஸ் சட்டப்படி அது 'மூன்றாம் வகுப்பு நகரம்'. நகரம் என்றால் மேயர் உண்டு, மன்றம் உண்டு, தேர்தல் உண்டு.

அந்த ஊரில் வாழ்ந்தவர் சுசன்னா சால்ட்டர். 1860 மார்ச் 2-ம் தேதி ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, 1872-ல், குடும்பம் கேன்சஸுக்கு வந்து விவசாயம் செய்தது. சுசன்னா கேன்சஸ் விவசாயக் கல்லூரியில் படித்தார். படிப்பு முடிய ஆறே வாரம் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. அங்கே படிக்கும்போது பழக்கமான லூயிஸ் சால்ட்டரை 1880-ல் திருமணம் செய்துகொண்டார். 1882-ல் இருவரும் ஆர்கோனியாவுக்குக் குடிவந்தார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சுசன்னா ஏழை எளிய குடும்பத்துப் பெண் கிடையாது. அவருடைய அப்பா ஆலிவர் கின்சிதான் ஆர்கோனியாவின் முதல் மேயர். மாமனார் மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர். கணவர் நகர மன்றத்தின் எழுத்தர். இத்தனை இருந்தும் அந்த ஊர் ஆண்கள் அவரைக் கேலிப் பொருளாக்கத் துணிந்தார்கள். படிப்பும் குடும்பப் பெயரும் இருக்கிற பெண்ணுக்கே அந்த நிலைமை என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

சாராயத்தை எதிர்த்த சங்கம்

அமெரிக்காவில் 1874-ல் பெண்கள் சேர்ந்து கிறிஸ்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் வந்தன. கணவன் குடித்துவிட்டு வந்தால் அடி யாருக்கு, பட்டினி யாருக்கு என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே! கேன்சஸ் மாநிலத்தில் 1881-லேயே மதுவிலக்குச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் போதுமா? அதை ஒழுங்காக அமல்படுத்த ஊரில் நல்ல நிர்வாகம் வேண்டும். இந்தப் பிரச்சினை நமக்குப் புதுசா என்ன?

ஆர்கோனியாவிலும் அந்தச் சங்கத்தின் கிளை இருந்தது. சுசன்னா அதில் பொறுப்பில் இருந்தார்.

1887 பிப்ரவரியில் கேன்சஸ் அரசு ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. நகர மன்றத் தேர்தல்களில் பெண்களும் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. மாநிலச் சட்டமன்றத்துக்கோ நாட்டின் ஜனாதிபதிக்கோ ஓட்டுப் போட உரிமை இல்லை. ஊர் நிர்வாகத்துக்கு மட்டும்தான். அந்த அளவுக்காவது கதவு திறந்தது.

அடுத்த தேர்தல் ஏப்ரல் 4. இரண்டு மாதம்கூட இல்லை. ஆர்கோனியா மகளிர் சங்கம் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டது. எந்தக் கட்சி என்று பார்க்காமல், மதுவிலக்கை நேர்மையாக அமல்படுத்தக்கூடிய நல்ல ஆட்கள் யார் என்று பேசி ஒரு வேட்பாளர் பட்டியல் தயாரித்தது. பட்டியலில் இருந்த எல்லோருமே ஆண்கள்தான். அன்றைக்குச் சங்கத் தலைவி வரவில்லை. கூட்டத்தைத் தலைமை ஏற்று நடத்தியவர் சுசன்னா.

கேலிக்கு ஒரு பெயர்

பெண்கள் கூட்டம் போட்டு வேட்பாளரைத் தேர்வு செய்தது ஊரில் சிலருக்குப் பொறுக்கவில்லை. முக்கியமாக மதுவை ஆதரித்தவர்களுக்கு. ஓர் உணவு விடுதியின் பின்கட்டில் இருபது பேர் ரகசியமாகக் கூடினார்கள். ஒரு திட்டம் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் இப்போது மாதிரி வேட்புமனு, பரிசீலனை, சின்னம் ஒதுக்குவது எல்லாம் அங்கே கிடையாது. ஓட்டுச் சீட்டை அரசாங்கம் அச்சடிக்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பெயர்ப் பட்டியலோடு சீட்டு தயாரித்து வரலாம். அதில் யார் பெயர் இருக்கிறது என்று தேர்தல் நாள் வரைக்கும் வெளியே தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இருபது பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? மகளிர் சங்கம் தயாரித்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றினார்கள். மேயர் என்ற இடத்தில் 'சுசன்னா சால்ட்டர்' என்று எழுதினார்கள். சங்கத்தின் மற்ற பொறுப்பாளர்கள் நகர எல்லைக்கு வெளியே குடியிருந்தார்கள். போட்டியிடத் தகுதி உள்ள பொறுப்பாளர் சுசன்னா ஒருவர்தான்.

அவர்கள் போட்ட கணக்கு இதுதான். சங்கத்துக்காரர்கள் தங்கள் பழைய வேட்பாளருக்குத்தான் போடுவார்கள். சுசன்னாவுக்கு இந்த இருபது ஓட்டுதான் விழும். 'பாரு, ஒரு பெண்ணை நிறுத்தினோம், இருபது ஓட்டு வாங்கினாள்' என்று ஊரே சிரிக்கும். அந்த அவமானத்தோடு பெண்கள் அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

சுசன்னாவை அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

துணி துவைக்கும்போது வந்த கேள்வி

1887 ஏப்ரல் 4, திங்கட்கிழமை. காலையிலேயே ஓட்டுப் போட வந்தவர்கள் சீட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். மேயர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயர்! செய்தி பரவியது. உள்ளூர் குடியரசுக் கட்சித் தலைவர் சிலரைச் சுசன்னாவின் வீட்டுக்கு அனுப்பினார்.

அவர்கள் போனபோது சுசன்னா துணி துவைத்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயது. நான்கு குழந்தைகள். வந்தவர்கள் நடந்த சூழ்ச்சியைச் சொன்னார்கள். 'ஜெயித்தால் பதவியை ஏற்றுக்கொள்வீர்களா?' என்று கேட்டார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். அந்தக் கேள்வி நம்மிடம் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.' 'எனக்கு என்னங்க தெரியும்.' 'கைக்குழந்தை இருக்கே.' 'ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க.' இதில் ஏதாவது ஒன்று வந்திருக்கும். எதுவும் தப்பான பதில் இல்லை, எல்லாம் உண்மையான கஷ்டம்தான்.

சுசன்னா 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொன்னார்.

வந்தவர்கள் ஊருக்குள் போய் அவருக்காக ஓட்டுச் சேகரித்தார்கள். அடுத்து நடந்ததுதான் நம்மைப் போன்ற குழுக்களுக்கு மிக முக்கியம். மகளிர் சங்கத்துக்குச் செய்தி போனது. அவர்கள் ஏற்கெனவே கூட்டம் போட்டு ஒருவரை மேயர் வேட்பாளராகத் தீர்மானித்திருந்தார்கள். 'நாம தேர்ந்தெடுத்தவரை எப்படி விடறது' என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 'அவள் மட்டும் எப்படி மேயர் ஆகலாம்' என்று பொறாமைப்படவும் இல்லை. அன்றைக்கே முடிவை மாற்றிக்கொண்டு ஒட்டுமொத்தமாகச் சுசன்னாவுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு வந்தது. பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு சுசன்னாவுக்கு! இருபது ஓட்டுக்காக எழுதிய பெயர் ஊரின் மேயர் ஆகிவிட்டது.

வீட்டுக்குள் நடந்தது

கணவர் லூயிஸ் ஓட்டுப் போடப் போன இடத்தில்தான் மனைவியின் பெயரைப் பார்த்தார். கோபத்தோடு வீட்டுக்கு வந்தார். 'நான் ஒத்துக்கொண்டேன்' என்று சுசன்னா சொன்னதும் இன்னும் வருத்தப்பட்டார். ஆனால் போகப் போக மனம் மாறினார். பிறகு, தான் 'மேயரின் கணவர்' என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

இதை எதற்குச் சொல்கிறோம் என்றால், வீட்டில் முதல் நாள் வருகிற கோபமே கடைசி வார்த்தை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குழுவில் சேரும்போது எத்தனை வீட்டில் சண்டை வந்தது! முதல் கடன் வாங்கிக் கறவை மாடு வந்தபிறகு, 'இன்னிக்குக் குழுக் கூட்டம் இல்லையா, போகலையா?' என்று அதே வீட்டுக்காரர் கேட்டாரா இல்லையா? நேரம் கொடுத்தால் வீட்டு ஆண்களும் மாறுவார்கள். எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பலர் மாறுகிறார்கள்.

மேயர் நாற்காலியில்

மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். ஐந்து பேரும் ஆண்கள். இந்தப் பெண் என்ன கிழிக்கப்போகிறாள் என்று பார்க்க ஊரே காத்திருந்தது. முதல் கூட்டத்தில் சுசன்னா மிகவும் அமைதியாகப் பேசினார். ஊருக்கு முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நீங்கள், தலைமை தாங்கிக் கூட்டத்தை நடத்துவது என் வேலை, சொல்லுங்கள் என்ற பொருளில் பேசினார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நியூயார்க்கிலிருந்து 'சன்' என்ற பத்திரிகையின் நிருபர் அந்தச் சின்ன ஊருக்கே வந்துவிட்டார். மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தார். போய் என்ன எழுதினார்? மேயர் போட்டிருந்த உடை எப்படி, தொப்பி எப்படி என்றும் எழுதினார். நம்ம ஊரில் பெண் தலைவர் வந்தால் என்ன சேலை, என்ன நகை என்று பார்க்கிற மாதிரிதான்! ஆனால் இன்னொன்றும் எழுதினார். கூட்டத்தில் தேவையில்லாத பேச்சு வரும்போது மேயர் அதைத் தடுத்துப் பேச்சை விஷயத்துக்குக் கொண்டுவருகிறார், கூட்டம் நடத்தும் முறை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றும் எழுதினார்.

அந்தத் திறமை எங்கே பழகியது? மதுவிலக்குச் சங்கத்தில் கூட்டம் நடத்தியவர் அல்லவா! பொருள் என்ன என்று சொல்வது, ஒவ்வொருவராகப் பேசவிடுவது, தீர்மானத்தைப் பதிவு செய்வது. இதையெல்லாம் நாம் வாரா வாரம் செய்துகொண்டிருக்கிறோம். பன்னிரண்டு பேர், இருபது பேர் உள்ள குழுவைச் சண்டை வராமல் நடத்தத் தெரிந்தவளுக்கு ஐந்து பேர் உள்ள மன்றம் நடத்த முடியாதா?

வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. மதுவிலக்குச் சங்கத்தின் தேசியத் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட் வாழ்த்து அனுப்பினார். கேலிக் கடிதமும் வந்தது. ஒருவர் ஆண்கள் போடும் கால்சட்டையைப் படமாக வரைந்து அனுப்பியிருந்தார். பெண் பதவிக்கு வந்தால் கேலி செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது. நியூட்டன் என்ற ஊரில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் சுசன்னா பேசினார். பெண்களின் வாக்குரிமைக்காக நாடு முழுவதும் பாடுபட்ட சூசன் பி. அந்தோணி அந்த மேடையில் இருந்தார்.

பதவிக் காலம் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. நிர்வாகம் ஒழுங்காக நடந்தது. ஆண்டு முழுவதற்கும் அவருக்குக் கிடைத்த சம்பளம் ஒரே ஒரு டாலர். அதே வருடத்தில் அவருக்கு இன்னொரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை சிசுவாகவே இறந்துபோனது. பிள்ளையைப் பெற்று, பறிகொடுத்து, மேயர் பொறுப்பையும் அந்தப் பெண் முடித்துக்கொடுத்தார். வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரியில் போய்விடும். நம்மால் அப்படி ஒரு வரியில் கடந்து போக முடியாது.

அதற்குப் பிறகு

சுசன்னா மறுபடியும் தேர்தலில் நிற்கவில்லை. வேறு எந்தப் பதவிக்கும் பிறகு அவர் போட்டியிடவில்லை. 'அவ்வளவுதானா, ஒரு வருஷத்தோட முடிஞ்சிடுச்சா?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அவருடைய பதவி ஒரு வருடத்தில் முடிந்தது. அவர் திறந்த வழி மூடவில்லை. அடுத்த ஆண்டே, 1888-ல், அதே கேன்சஸில் ஒஸ்கலூசா என்ற ஊரில் மேரி லோமன் என்ற பெண் மேயர் ஆனார். அங்கே மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரும் பெண்கள்! ஒரே வருடத்தில் ஒரு பெண் என்பது ஆறு பெண்கள் ஆனது.

மற்ற உரிமைகள் மெதுவாகத்தான் வந்தன. கேன்சஸில் எல்லாத் தேர்தலிலும் பெண்கள் ஓட்டுப் போட 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா முழுவதும் பெண் என்ற காரணத்தால் வாக்குரிமை மறுக்கக்கூடாது என்ற சட்டத்திருத்தம் 1920-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களையும் ஆண்களையும் ஏதேதோ காரணம் சொல்லி ஓட்டுப் போடவிடாமல் தடுத்தார்கள். அதைத் தடுக்க 1965-ல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. சட்டம் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தால் எல்லாப் பெண்களும் உள்ளே போய்விட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. இதை நாம் மறக்கக்கூடாது.

சுசன்னா 1893-ல் குடும்பத்தோடு ஒக்லஹோமா பகுதிக்குப் போய்விட்டார். மொத்தம் ஒன்பது குழந்தைகளைப் பெற்றவர். 1916-ல் கணவர் இறந்தார். 1933-ல் ஆர்கோனியா ஊரின் நடுவில் அவரைக் கௌரவித்து ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 1961 மார்ச் 17-ம் தேதி, 101 வயது முடிந்து இரண்டு வாரத்தில் அவர் இறந்தார். ஆர்கோனியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாழ்ந்த வீடு 1971 முதல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த இருபது பேரை யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-ல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் வந்தது. நம்மை யாரும் கேலிக்காக நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் வேறு ஒன்று நடக்கிறது. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் ஊரில் பெரியவர்கள் கூடுகிறார்கள். 'யார் வீட்டு அம்மாவை நிறுத்தலாம்?' என்று பேசுகிறார்கள். பெயர் முடிவான பிறகுதான் அந்த அம்மாவுக்கே சொல்கிறார்கள். சில சமயம் வேட்புமனுவில் கையெழுத்துப் போடும்போதுதான் தெரியும். ஜெயித்த பிறகு நாற்காலியில் கணவரோ மகனோ மைத்துனரோ உட்காருவார். அந்த அம்மா வீட்டில் இருப்பார். காசோலை வந்தால் கையெழுத்து, கிராம சபை வந்தால் புதுச் சேலை. அவ்வளவுதான்.

கேலிக்காகப் பெயர் எழுதுவதற்கும் பொம்மையாக வைக்கப் பெயர் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் அவள் ஒன்றும் செய்யமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் பெயர் எழுதுகிறார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. தலைவரின் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு, பொறுப்பும் உண்டு. கணக்கில் தவறு வந்தால் தணிக்கையில் கேள்வி கேட்பது கையெழுத்துப் போட்டவரைத்தான். 'எனக்குத் தெரியாதுங்க, அவர் போடச் சொன்னார், போட்டேன்' என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். அதிகாரம் இன்னொருவருக்கு, வம்பு வழக்கு நமக்கு. இந்த வியாபாரம் நமக்கு வேண்டாம்.

அப்படியானால் 'என் பெயரை யாரோ எழுதினால் நிற்கவே மாட்டேன்' என்று சொல்வதா? அதுவும் வேண்டாம். சுசன்னாவின் பெயரை எழுதியவர்கள் யார்? எதிரிகள்! எழுதியவர் யார் என்று அவர் பார்க்கவில்லை. கிடைத்த இடத்தை உண்மையான இடமாக மாற்றிக்கொண்டார். உங்கள் பெயரை யார் எழுதினாலும் சரி, பதிலை நீங்கள் சொல்லுங்கள். பதவியை ஏற்றால் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

தனி ஒரு பெண் மட்டும் தைரியமாக இருந்தால் இது நடக்காது. சங்கம் சேர்ந்து ஓட்டுப் போடாமல் இருந்திருந்தால் சுசன்னா இருபது ஓட்டோடு தலைகுனிந்திருப்பார். அதனால் குழுக்கள் செய்யவேண்டியவை சில:

முதலாவது, கூட்டம் நடத்தும் பழக்கம் எல்லோருக்கும் வரட்டும். பல குழுக்களில் ஐந்து வருடமாக ஒரே ஊக்குநர்தான் பேசுகிறார், ஒரே ஆள்தான் வங்கிக்குப் போகிறார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் உறுப்பினர் தலைமை தாங்கட்டும். எழுதத் தெரியாதவரும் தலைமை தாங்கலாம். தீர்மான நோட்டில் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படித்துக் காட்டட்டும்.

இரண்டாவது, கேட்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கத்தைக் குழுவிலேயே நிறுத்துவோம். சிறு கடன் விண்ணப்பமாக இருந்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. இங்கே பழகினால் பஞ்சாயத்து ஆபீசிலும் கை தானாக நிற்கும்.

மூன்றாவது, நம்மில் ஒருவர் பெயர் வந்தால் அவர் பின்னால் நிற்போம். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது அவரவர் விருப்பம். கூட்டமைப்பு அதில் தலையிடாது. ஆனால் ஜெயித்த பெண்ணுக்குத் துணை நிற்பதில் கட்சி கிடையாது. ஒன்றிய அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயங்கினால் இரண்டு பேர் கூடப் போங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு பொறுப்பேற்ற பெண்ணின் கதையைத்தான் இப்போது கேட்டோம்.

நான்காவது, கிராம சபைக்குக் குழுவாகப் போவோம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இந்த நான்கு நாளும் நமக்குத் தெரிந்த நாட்கள்தான். கணவர் தலைவர் மாதிரி பேச எழுந்தால், 'தலைவி அம்மா பேசட்டும்' என்று ஒரு குரல் மரியாதையாகச் சொல்லட்டும். ஒரு குரல் வந்தால் பத்துக் குரல் தானாக வரும். அந்த அம்மாவுக்கும் பேச வாய் வரும்.

பதவிக்கு வந்த எல்லாப் பெண்ணும் சாதித்துவிடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. சுசன்னாவும் ஊரைத் தலைகீழாக மாற்றிவிடவில்லை. தன் வேலையைத் தானே செய்தார், ஒழுங்காகச் செய்தார், முடித்துக்கொண்டு போனார். பெண்ணால் நிர்வாகம் நடத்த முடியும் என்று காட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

வரும் வாரக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்த பிறகு இந்தக் கதையைப் படித்துக் காட்டி, கீழே உள்ள கேள்விகளைப் பேசுங்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி உங்களிடம் வந்தால் உங்கள் பதில் என்ன? ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.

2. மகளிர் சங்கம் தன் தீர்மானத்தை ஒரே நாளில் மாற்றியது சரியா? நம் குழு அப்படிச் செய்யுமா?

3. நம் குழுவில் இதுவரை ஒருமுறைகூடக் கூட்டத்துக்குத் தலைமை தாங்காதவர் யார் யார்? அடுத்த கூட்டம் யார் தலைமையில்?

4. நம் ஊரில் பெண் தலைவராகவோ வார்டு உறுப்பினராகவோ இருந்தவர்களை அழைத்து அவர்கள் அனுபவத்தைக் கேட்டிருக்கிறோமா? எப்போது கேட்கலாம்?

 யாரும் தூங்கவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.